காலை ஒன்பது நாற்பதின் பக்கம்

அண்ணா, நடந்ததை நடந்தபடியே, என் தப்பையும் சேர்த்து, எழுதப்போகிறேன். உன் மடிக்கணினிப் பை இப்போது என்னிடம் இருக்கிறது. இன்னும் நனைந்த மழைச்சட்டை வாசம். ஸிப்பைத் திறக்கும்போதெல்லாம், மதிய ஆர்டர்களை முடித்துவிட்டு நீ எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் வந்து நின்று, என் அம்மாவிடம் "சித்தி, சோறு இருக்கா?" என்று கேட்பது போலிருக்கிறது.

உணவு கொண்டுபோகும் ரைடர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு செய்தித்தளம் அதைச் 'சோம்பேறிகளின் விடுமுறை' என்று எழுதியது நினைவிருக்கிறதா? நீயும் உன் கூட்டாளிகளும் அந்தத் தளத்தைப் புறக்கணித்தீர்கள். பள்ளிக் கட்டுரைக்கு எனக்குச் செய்தி வேண்டுமே என்றேன். அப்போதுதான் என் உலாவியில் அந்தச் சின்ன எக்ஸ்டென்ஷனைப் போட்டுக் கொடுத்தாய்.

"இனிமே அவனுங்க லிங்கை அமுக்கினா அவனுங்க பக்கத்துக்குப் போகாது. பழைய பக்கங்களைச் சேமிக்கிற ஆர்கைவ்ல எடுத்து வச்சிருக்கிற பிரதிக்குப் போகும். செய்தி உனக்கு, கிளிக் அவனுங்களுக்கு இல்ல."

"இது திருட்டு இல்லையா?"

"ஐயோ, நீதிபதி அம்மா வந்துட்டாங்க லா!" என்று சிரித்தாய். பிறகு திரையின் மேலே தேதியும் நேரமும் இருந்த பட்டையைத் தட்டிக் காட்டினாய். "ஆனா இது போட்டோ மாதிரி. எப்ப எடுத்ததுன்னு மொதல்ல பாரு."

தலையாட்டினேன். தலை மட்டும்தான் ஆடியது.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் கிள்ளான் வீட்டில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். "என் பிள்ளையைப் பத்தி என்ன எழுதியிருக்கான்? நீதான் நிறையப் படிக்கிறவளாச்சே, உள்ளதைச் சொல்லு."

அவர் கைப்பேசிக்கு யாரோ அனுப்பியிருந்த லிங்க் அந்தத் தளத்துடையதுதான். என் மடிக்கணினியில் திறந்தேன். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'சிவப்பு விளக்கை மீறிச் சென்ற ரைடர் லோரியில் மோதி மரணம்.'

"சிவப்புலயா போனான்?" என்றார் பெரியம்மா. அழவில்லை. வக்கீலைப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோது, "தப்பு நம்ம பிள்ளை மேல. விடுங்க தம்பி," என்று முடித்துவிட்டார். தினமும் ராத்திரி நீ வேலை முடிந்து திரும்பும்வரை எரியும் அந்த வாசல் விளக்கை மட்டும் பகலிலும் அணைக்கவில்லை. "அவன் வந்து ஏன் அப்படிப் போனேன்னு சொல்லட்டும். அப்புறம் அணைக்கிறேன்."

அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் வகுப்பில் தர்ஷினியிடம் கத்திவிட்டேன். அவள் அம்மா அந்தத் தளத்தில்தான் நிருபர். "உங்கம்மா கம்பெனி எங்கண்ணனைச் சோம்பேறின்னுச்சு. செத்த பிறகும் விடல."

அவள் முகம் சிவந்தது. "எங்கம்மாதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைஞ்சு அன்னைக்குச் சாயங்காலமே திருத்தினாங்க! நீ எந்தக் காலத்துப் பக்கத்தைப் படிச்சே?"

"பொய்! நேத்துகூடப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறல."

வீட்டுக்கு வந்து திறந்தேன். முதல்முறையாக மேல்பட்டையைப் பார்த்தேன். நீ போன அதே நாள், காலை ஒன்பது நாற்பது. எத்தனை முறை அமுக்கினாலும் எக்ஸ்டென்ஷன் என்னை அந்த ஒன்பது நாற்பதுக்கே கூட்டிப்போயிருக்கிறது.

உண்மையான பக்கத்தைப் பார்க்க அதை நிறுத்த வேண்டும். நீ வேண்டாம் என்ற கிளிக்கை நான் கொடுக்க வேண்டும். உன்னைக் கேட்க முடியவில்லை. நிறுத்தினேன். கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி: பின்னால் வந்த காரின் கேமராப்படி சிவப்பை மீறியது லோரி, ரைடருக்குப் பச்சை. பழி தலைப்பில் வந்தது, திருத்தம் காலடியில். உன் கோபம் நியாயம்தான் அண்ணா. ஆனால் அந்தப் பழியைப் பெரியம்மாவின் காதில் போட்டது நான்.

தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். இன்னும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எக்ஸ்டென்ஷனை மறுபடி போட்டுவிட்டேன். சோம்பேறிகள் என்றதற்கு அந்தத் தளம் ரைடர்கள் உங்களிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது எதைத் திறந்தாலும் என் கண் முதலில் மேல்பட்டைக்குத்தான் போகிறது. நீ தட்டிக் காட்டிய விரல் அங்கேயே இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து பெரியம்மாவுக்குத் திருத்தத்தைப் படித்தேன்.

"இன்னொரு தரம் படி."

மூன்று முறை படித்தேன்.

"அப்போ பச்சையிலதான் போனானா?"

"பச்சையிலதான் பெரியம்மா. நான் பழைய பக்கத்தைப் பார்த்து..."

"ரெண்டு மாசமா என் பிள்ளையை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்டி." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே நல்ல வெயில். பெரியம்மா எழுந்து வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தார்.