நான்காவது மாதம்

தங்கச்சிக்கு,

ஏழு வருடம் என்னோடு பேசாமலிருந்த நீ, சித்திரையில் நீ வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாய். எனக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதமும் குறைந்துவிட்டது, இனி மூன்று மாதம்தான் தாங்குவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை என் வீட்டுக்காரர் உனக்குப் போனில் சொல்லியிருந்தார்.

நீ வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கஞ்சி ஊட்டினாய், கால் பிடித்துவிட்டாய், பழைய சண்டையைச் சொல்லி அழுதாய். நானும் அழுதேன்.

நான்காவது மாதமும் நான் உயிரோடிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பேசியது, கதவுக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்த என் காதில் விழுந்தது.

"மூணு மாசம்னுதானே சொன்னீங்க டாக்டர்? அதுக்குத் தகுந்த மாதிரிதான் லீவ் போட்டேன்."

"அது நூறு பேரைப் பாத்துச் சொல்ற கணக்கும்மா. இவங்க ஒருத்தருக்குத் தேதி குறிக்க முடியாது," என்றார் அவர்.

மறுநாளே ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிவிட்டாய். வாரம் ஒரு போன் செய்தாய். பிறகு அதுவும் நின்றது.

நேற்று புது ரிப்போர்ட் வந்தது. இந்த முறை டாக்டர் மாதக் கணக்கில் பேசவில்லை. உன்னை அழைக்க என் வீட்டுக்காரர் போனை எடுத்தார்.

"வேணாங்க. ரிப்போர்ட்டுக்காக வர்றவ எனக்கு வேணாம்," என்றேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பார். ஆனாலும் வெளியே லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் நீயோ என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

உன் அக்கா