அப்டேட் கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க

மார்ச் 2

அப்பாவுக்கு,

இல்லப்பா, கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கற வைஃபை குச்சி கெட்டுப்போகல. புதுசு வாங்கித் தொலைக்காதீங்க. போன்ல பேசினா சண்டைதான் வரும், நீங்க எழுதிக் கேட்டதே நல்லது. அந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டது நான். குச்சியை ஓட்டுற டிரைவர்ங்கற புரோகிராமை அதுக்கு அளவெடுத்துப் போட்டதும் நான்தான். நீங்க அப்டேட்டுக்கு 'சரி' அமுக்கியிருக்கீங்க. லினக்ஸ் புதுசா மாறிடுச்சு, பழைய டிரைவர் அதோட சேரல. 'அப்டேட் கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க'ன்னு திரையோரம் சீட்டு ஒட்டியிருந்தேனே, என்னாச்சு?

ஞாயித்துக்கிழமை வர்றேன். பத்து நிமிஷ வேலை. அப்படியே 'கேம்'னு இருக்கற என் ஃபோல்டரையும் எடுத்துக்கறேன். ஒன்றரை வருஷமா நான் எழுதின கம்ப்யூட்டர் விளையாட்டு அது, வேற எங்கயும் காப்பி இல்ல. இருபதாம் தேதி கொண்டு வா, பார்க்கறோம்னு ஒரு கம்பெனியில சொல்லியிருக்காங்க. தண்ணிகூடக் கேக்க மாட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?

உங்க பையன்

மார்ச் 7

மகனுக்கு,

சீட்டை நான்தான் கிழித்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன் எனக்கு உத்தரவு போடுவதா? உன் தங்கைக்கு வகுப்பெல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு வாரமாக அடுத்த வீட்டு வைஃபைக்காக அவர்கள் மாடிப்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

நீ வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் அம்மா மறுபடி அழுவாள். செய்ய வேண்டியதை எழுதி அனுப்பு, போதும். உன் விளையாட்டைப் பிறகு பார்க்கலாம்.

அப்பா

மார்ச் 11

அப்பாவுக்கு,

ஆன் பண்ணினதும் ஷிஃப்டை அமுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க தங்கச்சியை. ஒரு பட்டியல் வரும். அதுக்குள்ள பழைய லினக்ஸும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா குச்சி பழையபடி ஓடும். அவ்வளவுதான்.

இதை முதல் கடிதத்துலயே எழுதியிருக்கலாம். எழுதல. 'வாடா'ன்னு கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். பாவம், அவ மாடிப்படியில உக்காந்ததுக்கு நானும் காரணம். அவகிட்ட சொல்லிடுங்க.

ஃபோல்டரை மட்டும் தொடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.

உங்க பையன்

மார்ச் 15

மகனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்தின நாளே கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்துவிட்டேன். இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, ஊரே வைத்திருக்கும் விண்டோஸைப் போட்டார். குச்சி உடனே வேலை செய்தது. உன் தங்கை வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கிறாள். ஃபோல்டரைப் பற்றி இன்று கடைக்கே போய்க் கேட்டேன். இனி எடுக்க முடியாதாம்.

அழிக்கும் முன் அவர் நீ செய்து வைத்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ விவரம் தெரிஞ்சவன் பண்ணியிருக்கான் சார்" என்றார். என் மகன் என்று நான் சொல்லவில்லை.

அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

சொல்லியிருக்கலாம்பா. சொல்லியிருந்தா அந்தாளு, 'பையனோடது ஏதாவது உள்ள இருக்கா சார்?'னு கேட்டிருப்பாரு. அழிக்கறதுக்கு முன்னாடி அதைக் காப்பி எடுத்து வச்சிருப்பாரு. ஒரே ஒரு வார்த்தை.

நானும் யோக்கியன் இல்ல. ஷிஃப்ட் விஷயத்தை ஒன்பது நாள் வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

நாளைக்குக் கம்பெனிக்குப் போகல. எதைக் காட்டறது, வெறுங்கையையா? குடோன்ல பெட்டி தூக்குற வேலை இருக்கு, சோறு போடுது.

தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இனிமே அப்டேட் கேட்டா பயப்படாம 'சரி' அமுக்கட்டும். இனி அழிஞ்சு போறதுக்கு அதுல என்னோடது ஒண்ணும் இல்ல. லாரி வந்துடுச்சு, கத்துறாங்க. போகணும்.