மைதானத்துக்கு வராதீங்க

ஓட்டப் போட்டிக்குக் கிளம்பும் முன், நைட் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்குத் தமிழ்நிலா சீட்டு எழுதினாள். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"அப்பா, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சிலிண்டர் வரும், வாங்கி வைங்க.

ஓடுறதுக்கு முன்னாடி என்ன பயம் வருதுன்னு நோட்டுல எழுதச் சொன்னது கோச். நேத்து அதை எடுத்து சித்தப்பா முன்னாடி படிச்சுச் சிரிச்சீங்க. 'இந்த மனசை வச்சிக்கினு நீ ஜெயிப்பியா?'ன்னு கேட்டீங்க. கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கல. கூட ஓடுற புள்ளைங்களப் பாத்து எனக்குப் பயமில்ல. கம்பி வேலியாண்ட நின்னு நீங்க கத்துறதைக் கேட்டாத்தான் கால் இழுத்துக்குது. இன்னிக்கு வராதீங்க."

அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"சட்னி ஃப்ரிட்ஜ்ல. நீங்க வந்தா நான் டிராக்ல இறங்க மாட்டேன், கோச்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட இதைச் சொல்ல எனக்கு மூணு வருஷம் ஆச்சு."