நீ கொடுத்த சேலைக்கு வெளியே

நேற்று என் காலில் கட்டு மாற்ற வந்த நர்சம்மா பேண்டேஜ் சுருளைப் பிரித்ததும் அந்த பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. ராஜபாளையத்துத் தறிக் கம்பெனியில் நானும் ராசம்மாவும் வருசக்கணக்காக நெய்த துணியின் வாடை. உடனே எனக்கு உன் முகம்தான் வந்தது. நீ செத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இதை எழுதியிருந்தால் நீ கிழித்துப் போட்டிருப்பாய். நானும் எழுதியிருக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டு அலைந்தபோதுதான் நீ எங்களுக்குப் பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் திருநங்கைகள் சங்கத்துக்கு நீ தலைவி. ராஜபாளையத்தில் எங்கள் பெண்கள் சங்கம். அஞ்சாப்போடு நின்ற எனக்காக மனுவை நீதான் எழுதினாய். நானும் ராசம்மாவும் ஒரே வீட்டில் இருப்பதற்கு அக்கா தங்கச்சி என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தோம். புருசன் போய், மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு எனக்குக் கிடைத்த வாழ்க்கை அவள்தான். வீட்டுக்கு வந்த முதல் நாளே நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"ஏன்க்கா, ஒரே தலகாணில ரெண்டு தலை எண்ணெய்ப் பிசுக்கு. நல்ல அக்கா தங்கச்சிதான் போங்க!"

ராசம்மா வெட்கப்பட்டு, "ஏட்டி, வாயை மூடிக்கிட்டுக் காப்பியக் குடி" என்றாள். எங்களைத் தெரிந்துகொண்ட பிறகும் எங்களோடு சிரித்த முதல் ஆள் நீ.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெருமாள் இருக்கும் நம்ம திருவண்ணாமலை அடிவாரத்தில், குளத்தில் குளித்துவிட்டு வரும் பெண்கள் துணி மாற்ற எங்கள் சங்கம் மறைப்புக் கட்டும். மூங்கில் நட்டு, கம்பெனியில் கழிவாகப் போகும் பேண்டேஜ் துணியைச் சுற்றுவோம். எட்டு வருசத்துக்கு முந்தின அந்தப் புரட்டாசியில் நல்ல மழை. நனைந்த துணி கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே நின்றவர்கள் அப்படியே தெரிந்தார்கள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீதான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், உன் கெட்டிச் சேலைகள் ஏழையும் அள்ளிக்கொண்டு வந்தாய். சேர்ந்து கட்டினோம். கட்டி முடித்து, தொப்பலாக நனைந்த நீ, துணி மாற்ற உள்ளே வரப் பார்த்தாய்.

வாசலில் காவலுக்கு நான். உள்ளே ராசம்மா அரைத்துணியோடு நின்றாள். கம்பெனியில் துணி மாற்றும் அறைக்குள் நுழைந்து ஒரு மேஸ்திரி அவளுக்குச் செய்த அக்கிரமத்தை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு என் ஒருத்தியைத் தவிர யார் முன்னாலும் அவள் ரவிக்கையைக் கழற்றியதில்லை. உன்னைப் பார்த்ததும், "அவள விடாத, என்னால ஏலாது" என்று அலறினாள். அவளுக்காகத்தான் உன்னை நிறுத்தினேன். ஆனால், "செத்த நேரம் பொறுட்டி" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு, ஆம்பளைப் பயலை விரட்டுகிற மாதிரி.

"ஏலே, வெளிய நில்லு."

நீ நம்பாமல் பார்த்தாய். "என் சேலைக்குள்ள என்னையவே விடமாட்டியாக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டாய். நான் கையைக் குறுக்கே வைத்தேன். அப்புறம்தான் குளக்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். "ராசம்மாவப் பொண்டாட்டியா வச்சிக் குடும்பம் நடத்துத நீ, யாரு பொம்பளைன்னு எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

ஒரே வாரத்தில் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மகள் பேத்தியைக் கூட்டி வருவதை நிறுத்தினாள். ஐந்து வருசம் அந்தப் பிள்ளையை நான் கண்ணால் பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள் எங்கள் கூட்டத்தில் வந்து கோஷம் போட்டார்கள். எங்கள் ஆட்கள் உங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். இரண்டு சங்கமும் முறைத்துக்கொண்டு நின்றதில் கக்கூஸ் மனுவைப் பின்தொடர ஆளில்லாமல் போனது. எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எதையும் மறக்க மாட்டேன்.

உன் சாவுச் செய்தி வந்ததும் ராசம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். வன்னியம்பட்டியிலிருந்து வந்திருந்த உன் அண்ணன் உனக்கு வேட்டி சட்டை போட்டுக் கிடத்தியிருந்தான். சங்கத்தில் நீ மகளாக வளர்த்த பிள்ளைகள், "எங்கம்மாவுக்குச் சேலை கட்டி விடுங்க" என்று அவன் காலைப் பிடித்துக் கதறினார்கள். "அவ பொம்பளைய்யா, சேலையக் கட்டுங்க" என்று நானும் சொன்னேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அன்னைக்குக் குளத்துக்கரையில நானும் நின்னேன் ஆச்சி. உங்க மறைப்புக்குள்ள விடாம, நீங்கதான 'ஏலே'ன்னு துரத்துனீய? உங்களுக்குத் தெரியாததா?"

வேட்டியோடுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நீ கத்தியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில், கீரை ஆயும்போதும் குளிக்கும்போதும் வாயில் வந்துகொண்டே இருக்கிறது. "அவ பொம்பளைதான்யா. நாங்கதான் விடலை." இன்று காலை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது ராசம்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எட்டு வருசமாக உன் பேச்சையே எடுக்காதவள்.

"ஏட்டி, சத்தமாச் சொல்லு" என்றாள்.

சத்தமாகச் சொன்னேன். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.