சிவப்புப் பொத்தான் உன் பக்கம்

சால்டரிங் வைக்கும்போது கிளம்பும் அந்தப் பிசின் புகை இன்று காலை என் சமையலறையில் மறுபடி சுற்றியது. இருபத்தெட்டு வருஷம் ஆவடி தொழிற்சாலையில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வயரிங் செய்த நமக்கு அதுதானே அத்தர். மூச்சிழுத்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூரில் ஒரே கட்டடத்தில் நீ கீழே, நான் மேலே என்று வீடு பார்த்தோம். உன் மகன் பெங்களூரில். நீ படுக்கையில் விழுந்தபோது, என்னைக் கூப்பிட ஒரு விளக்கு செய்து தருகிறேன் என்று நான்தான் கிளம்பினேன். பொழுதுபோக்குதான் என்று உன்னிடம் சமாளித்தேன். உண்மையில் பயமாக இருந்தது.

பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க உன் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் ஒரு சோப்பு டப்பாவுக்குள் ரிலே சுவிட்ச் ஒன்று வைத்தேன். உன் கட்டிலோரப் பச்சைப் பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும். ரிலே இழுத்துக்கொள்ளும், பிறகு தன் முனை வழியாகவே தனக்கு மின்சாரம் எடுத்துக்கொண்டு அப்படியே நிற்கும். என் அடுப்புக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் அணையும். கரண்டு போனாலும் மறக்காமலிருக்க ஒரு பேட்டரி. முதல் தடவை தொட்டுப் பார்த்துவிட்டு நீ போன் போட்டாய்: "இன்னாடி, எரிஞ்சிகினு கீதா?"

சிவப்பை நான் என் விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். நம் தொழிற்சாலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பார்த்தவர்தானே அணைப்பார். அந்தப் புத்தி போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை தாளித்துக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. இதோ வந்துவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே சிவப்பை அமுக்கினேன். வாசலில் சிலிண்டர்காரர், பின்னாலேயே தங்கையின் போன். விளக்குதான் எரியவில்லையே, எனக்கு எதுவும் பாக்கியிருப்பதாகவே தோன்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ரசம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். உன் புடவையும் படுக்கையும் நனைந்திருந்தன. நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய். அமுக்கியாயிற்று, மேலே எரிந்துகொண்டுதான் இருக்கும் என்று நம்பிக் காத்திருந்தாயாம்.

துடைத்து, புடவை மாற்றி, விரிப்பை அலசிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. நீ திட்டவில்லை.

"செவப்பை என்னாண்ட வச்சிடுடி. நீ வந்தாத்தான் அது அணையணும்."

அன்றே வயரை நீட்டி உன் கட்டிலுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு கீழே வராமல் அந்த விளக்கை அணைக்க எனக்கு வழியில்லை.

கடைசிக் காலையிலும் விளக்கைப் பார்த்துத்தான் ஓடி வந்தேன். ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில் சிவப்பை யார் நினைத்தார்கள்? இரண்டு நாள் கழித்து, எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், அடுப்புக்கு மேலே அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கின் வயரைப் பிடுங்கியிருக்கலாம். மனசு வரவில்லை. உன் மகனிடம் சாவி வாங்கிக்கொண்டு இறங்கினேன். காலிக் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அமுக்கினேன்.

இப்போது என் முழங்கால் படுத்துகிறது. என் வீட்டுக்கும் மேல் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஐ.டி. பெண் தன் வீட்டில் விளக்கு மாட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். அதைத்தான் இன்று செய்துகொண்டிருந்தேன். அணைக்கும் பொத்தான் தன் வீட்டில்தானே இருக்கும் என்று கேட்டாள். இல்லம்மா, என் கட்டிலோரம்தான், நீ வந்தால்தான் அணையணும் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உன் முதுகைப் பற்றி நானும் சொல்லவில்லை. அதை நானே வைத்துக்கொண்டேன்.