பேசியவர்கள் பட்டியலில் உங்கள் பேத்தி

பிரியமுள்ள அப்பா,

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் நடந்த நல்ல செய்தி ஒன்று: உங்கள் பேத்தி இனியா பள்ளியில் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அதை வைத்தே போன வாரம் முழுக்க அவளுடைய மிஸ்ஸைச் சந்தேகப்பட்டேன். இன்னும் முழுதாகத் தெளியவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

என் மாமியார் வீட்டில் கன்னடம்தான் பேச்சு என்று உங்களுக்குத் தெரியுமே. முதல் பள்ளிக்கூடத்தில் இவள் மிஸ்ஸிடம் ஆசையாக, சாப்பிட்டீர்களா என்பதை “ஊட்டா ஆயித்தா?” என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம், மிஸ்ஸும் சேர்ந்து. அன்றோடு பள்ளியில் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். அதனால்தான் இந்த ஜூனில் மாரண்டஹள்ளியிலேயே வேறு பள்ளியில், இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம்.

திங்கள்கிழமை ஓடி வந்து சொல்கிறாள்: “அம்மா, பேசியவர்கள் லிஸ்ட்ல எம் பேரு!”

“யாரு அடிச்சா?” என்றேன்.

“யாரும் அடிக்கல.”

நம்பவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் என்று தினமும் அவள் பெயர் போர்டில். அதற்கும் சிரிக்கிறாள். வீட்டில் சொல்லாதே என்று பழக்கியிருக்கிறார்களோ? சாக்லேட் கொடுத்து வாயை அடைத்திருக்கிறார்களோ? அவள் பையைக்கூட உதறிப் பார்த்தேன், அப்பா.

எனக்கு அந்தப் பட்டியல் தெரியும். ஆறாம் வகுப்பில் சார் வெளியே போனால் லீடர் போர்டில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவாள். பக்கத்தில் ‘மிக அதிகம்’ என்று சேர்த்தால் கூடுதலாக இரண்டு அடி. ஒருநாள் கை வீங்கி வந்தேன். மறுநாள் நீங்கள் பள்ளிக்கு வந்து, “கண்ணு ரெண்ட விட்டுட்டு மத்த எடத்துல அடிங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று பேசியவள் நான் இல்லை அப்பா, என் பக்கத்தில் இருந்தவள். இதை இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, டிசி கேட்டு எழுதிய கடிதத்தோடுதான் பள்ளிக்குப் போனேன். ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். போர்டில் அதே தலைப்பு. கீழே இனியா, பக்கத்தில் ‘மிக அதிகம்’.

“உள்ளயே வந்து பாருங்க, அங்க வெயிலு” என்றார் மிஸ்.

“எம் பொண்ணு பேர எதுக்கு மிஸ் தினமும் எழுதறீங்க?”

முன் பெஞ்சிலிருந்து ஒரு வாலு எழுந்து, “ஆன்ட்டி, எங்க கிளாஸ்ல பேசுனாத்தாங்க பேரு வரும்!” என்றது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

“கத்தறவங்களுக்கு லிஸ்ட் எதுக்குங்க? எங் காதுக்கே கேக்குதே” என்றார் மிஸ். “வாயே தொறக்காதவங்க எப்பத் தொறக்கறாங்கன்னுதான் எழுதறேன். இன்னிக்கு உங்க பொண்ணு கன்னடத்துல பத்து வரைக்கும் எண்ணிக் காட்டுனா.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு சுலபத்தில் விடுவேனா? “அப்ப பேரு வராத புள்ள அழாதுங்களா?”

மிஸ் போர்டைத் திரும்பிப் பார்த்தார். “நேத்து ஒண்ணு அழுதுச்சுங்க. எனக்கும் அதான் உறுத்திக்கிட்டிருக்கு. என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல.”

அவர் சமாளித்துப் பேசியிருந்தால் கடிதத்தை நீட்டியிருப்பேன். ‘தெரியல’ என்று ஒரு டீச்சர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

திரும்பும் வழியில் இனியாவிடம், “இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“நீ எங்க கேட்ட? யாரு அடிச்சா, யாரு அடிச்சான்னு மட்டுந்தான கேட்ட?”

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன். அந்த மிஸ்ஸின் மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். அது என் குணம், விடாது. ஆனால் ஒன்று சத்தியம் அப்பா. இனி எந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிப்பதற்கு முன்னாலும் அவள் பக்கத்தில் உட்காருவேன். என்ன நடந்தது என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உங்களிடம் சொல்லாமலே வளர்ந்துவிட்ட
உங்கள் மூத்த பெண்