மூடியைத் திறந்து வேண்டிக்கொண்டேன்

இன்று காலை லேபில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பெண் ஈயச் சாயப் புட்டியைத் திறந்தாள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ப்ளீஸ்" என்றாள். எவ்வளவு மரியாதை பார்! நீயாக இருந்தால், "வாய மூடுடி, ஒலிபெருக்கி" என்றிருப்பாய். பதினைந்து வருஷம் அப்படித்தான் சொன்னாய்.

நீ டெக்னீஷியன், நான் அட்டெண்டர். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் நீ, திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். வேலைக்கு வருகிற ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்குவாய். லேபில் சாயம் போடுகிற மேஜைக்கு வந்துவிட்டால் மட்டும் நான் உனக்கு ஆகாதவள்.

மூக்குத்தி அளவு செம்பு வலை ஒன்று, அதற்குப் பேர் கிரிட். நோயாளியின் சதையை ஈசல் சிறகைவிட மெல்லியதாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்த வலையில் ஏந்தி, ஈயச் சாயத் துளியின்மேல் கவிழ்ப்பாய். மனுஷ மூச்சு பட்டால் சாயம் திரிந்து கரும்புள்ளி விழும், மைக்ராஸ்கோப்பில் படம் கெட்டுப்போகும். அதனால் மேலே ஒரு கண்ணாடி மூடி.

டாக்டர்கள் நிற்கும்போதே, "எட்டாங்கிளாசு விஞ்ஞானி வந்துக்கினு கீறா, எல்லாரும் ஒதுங்குங்க" என்பாய். நான் விபூதி பூசி வந்தால், "மொதல்ல கைய கழுவினு வா. உன் முருகனுக்கு மைக்ராஸ்கோப்புல வேல இல்ல" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்புறம் உனக்குக் கால் வீங்கியது. உன் கிட்னியில் ஊசி குத்தி எடுத்த சதை நம் மேஜைக்கே வந்தது. "என்னுத எவளும் தொடக் கூடாது. என் கையில ஒரு கிரிட்டு கெட்டது கெடையாது" என்று நீயே உட்கார்ந்தாய். சீவி வலையில் ஏந்தினாய். சாயத்தில் கவிழ்த்து மூடிவிட்டு, கழுவுவதற்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனாய்.

நான் மூடியைத் திறந்தேன். நீ வாயை மூடச் சொல்வது பேச்சுக்குத்தானே, முருகன் பேர் பேச்சில் சேராது என்று நினைத்தேன். நன்றாகக் குனிந்து, "முருகா, இவளுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுப்பா" என்று வாய்விட்டு வேண்டினேன். நான் என்ன சுருக்கமாகவா வேண்டுவேன்? உன் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் மூடினேன்.

திரையில் மிளகைத் தூவினமாதிரி கரும்புள்ளி. மறுபடி சீவ மிச்சச் சதையும் இல்லை. நீ அப்படியே நாற்காலியில் சரிந்தாய். "நான்தான்டி மூச்சு வுட்டுட்டேன். என்னுதாச்சேன்னு பயந்துட்டேன் போல" என்று எல்லோர் முன்னாலும் அழுதாய்.

ஊருக்கே கேட்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது திறக்கவில்லை.

என்ன நோய் என்று பார்க்க இன்னொரு முறை ஊசி குத்த வேண்டும் என்றார்கள். "என் கையே எனக்கு ஆவல. இன்னொரு வாட்டி குத்திக்கினு இன்னா ஆவப்போவுது?" என்று தள்ளிப்போட்டாய். ரயில் அரக்கோணத்தில் நிற்கும்போதெல்லாம், "நாளைக்கு குத்திக்கடி" என்பேன். "ஆங், பாக்கலாம்" என்பாய். நீ சம்மதித்தபோது இரண்டு கிட்னியும் நின்றுபோயிருந்தன. கடைசியாக என் கையைப் பிடித்து, "அன்னிக்கு என் கை கெட்டப்ப நீ ஒருத்திதான்டி உள்ளுக்குள்ளகூட சிரிக்காதவ" என்றாய்.

மூடியைத் திறந்ததை மலையேறிப் போய் முருகனிடம் சொல்லிவிட்டேன். தெரியாமல் செய்தது, அவன் பொறுப்பான். அவனிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. நீ அழுதபோது எனக்கு உள்ளே இனித்தது. 'பதினைந்து வருஷம் பேசினாயே, இப்போது தெரிகிறதா?' என்று இனித்தது. அன்று மத்தியானம் நீ தொடாமல் வைத்த புளிச்சோற்றையும் நான்தான் சாப்பிட்டேன். வயிறு நிறைய, ருசித்துச் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை.